கட்டுநாயக்காவிலிருந்து திருச்சி, சென்னை எவ்வளவு தூரம்? எத்தனை மணித்தியாலம்? மலையகப் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டனில் போட்டோகொப்பி, ரீலோட், அப்புறம் விமான டிக்கெட் என்று எல்லாம் கலந்த ஒரு சின்னக் கடை எங்களுடையது. டிக்கெட்டுக்கு வருகிறவர்கள் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்பது தூரமும் நேரமும்தான். தினமும் அதையே சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். தூரங்கள் எல்லாம் ஏறக்குறையத்தான். ஐந்து பத்து கிலோமீற்றர் முன்பின் இருக்கும்.

கட்டுநாயக்காவிலிருந்து திருச்சி எவ்வளவு தூரம்?

நேர்கோட்டில் 420 கி.மீ. டிக்கெட்டில் ஒரு மணித்தியாலம், அல்லது அதற்குக் கொஞ்சம் கூடப் போட்டிருக்கும். மேலே ஏறி, ஏதாவது குடிக்கக் கொடுத்து, அந்தக் கப்பைத் திருப்பி வாங்குவதற்குள் "இறங்கப் போகிறோம், பெல்ட்டைப் போடுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள்.

எங்கள் கடையில் அதிகம் கேட்கப்படும் ஊர் இதுதான். காரணம் எல்லோருக்கும் தெரியும். நம் ஆட்கள் பலருடைய பூர்வீகம் திருச்சி, புதுக்கோட்டை, நாமக்கல், சேலம் பக்கம். அதோடு 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவான பிறகு ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருந்த அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று ஆகிவிட்டது. அந்தத் தம்பியின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் டிக்கெட் போட வருகிறார்கள்.

ஒரு பெரியவர் கிலோமீற்றர் வேண்டாம், மைலில் சொல்லு தம்பி என்றார். 260 மைல் என்றேன். கொஞ்ச நேரம் விரலை மடக்கி எதையோ எண்ணினார். அவர் சின்ன வயதில் அதே திருச்சிக்குப் போனது ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் இறங்கி, கப்பலில் இராமேஸ்வரம் போய், அங்கிருந்து மறுபடி ரயில். "ரெண்டு நாள் போச்சு, கட்டுச்சோறு ஊசிப்போச்சு" என்றார்.

சென்னைக்கு?

650 கி.மீ. அளவு. டிக்கெட்டில் ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம், ஒன்றரை மணித்தியாலம் என்று இருக்கும்.

இதை நீங்களே கணக்குப் பார்க்கலாம். பிள்ளையின் பள்ளி அட்லஸை எடுங்கள். கட்டுநாயக்கா வட அகலக்கோடு 7.2 பாகையில் இருக்கிறது, சென்னை 13 பாகையில். வித்தியாசம் 5.8. ஒரு பாகை 111 கி.மீ. பெருக்கினால் 644 வரும். இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே நெடுங்கோட்டில், ஒன்று 79.9, மற்றது 80.2 என்று இருப்பதால்தான் இந்தச் சுலபக் கணக்கு பலிக்கிறது. அட்லஸில் ஒரு அடிமட்டத்தை வைத்துக் கோடு போட்டால் மன்னார் பக்கமாய்ப் போய், யாழ்ப்பாணத்துக்கு மேலால், பாக்கு நீரிணையைத் தாண்டி, கோடியக்கரையை ஒட்டி வடக்கே ஏறும். திருச்சி மேற்கே தள்ளி இருப்பதால் அதற்கு இந்த வழி சரிவராது. சாய்வுக் கோட்டைத்தான் அளக்க வேண்டும்.

மதுரைக்கு?

355 கி.மீ. நேரம் திருச்சி மாதிரியேதான், ஒரு மணித்தியாலத்தை ஒட்டி.

டிக்கெட்டில் ஒன்றரை மணித்தியாலம் என்று இருக்கிறது. போனவர்கள் ஒரு மணித்தியாலம்தான் பறந்தோம் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. டிக்கெட்டில் உள்ளது, விமானம் நிற்கும் இடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல் அங்கே போய் நிற்பது வரை. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானம் கிளம்பும்வரை காத்திருப்பது, சென்னையில் இறங்க இடம் கிடைக்காமல் ஒரு சுற்றுச் சுற்றுவது எல்லாம் அதற்குள் அடக்கம். சக்கரம் தரையில் படாமல் இருக்கும் நேரம் மட்டும்தான் அந்த ஒரு மணித்தியாலம்.

சென்னை டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. திருச்சிக்குப் போகிறவர் சென்னையில் இறங்கி பஸ்ஸில் போகலாமா?

போகலாம். ஆனால் சென்னையிலிருந்து திருச்சி ரோட்டு வழி 330 கி.மீ., ஐந்தாறு மணித்தியாலம். பஸ் காசு, வழியில் சாப்பாடு, எயார்போட்டிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஆட்டோ எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா இல்லையா என்று முடிவு பண்ணுங்கள். ஒரு ஆள், ஒரு பேக் என்றால் சரி. கல்யாண வீட்டுக்கு ஐந்து பேர், ஏழு பெட்டி என்றால் நான் போட்டுக் கொடுக்க மாட்டேன்.

ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கா எவ்வளவு தூரம்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆனால் யாரும் முதலில் கேட்பதில்லை.

காகம் பறக்கிற மாதிரி அளந்தால் 85 கி.மீ.தான். ரோட்டில் 150 கி.மீ. நேரம் நான்கு முதல் நாலரை மணித்தியாலம். அதாவது ஹட்டனில் வேன் ஏறி எயார்போட் வாசலில் இறங்குவதற்குள் விமானம் திருச்சிக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடியும் போய்விடும்.

மற்ற ஊர்க்காரர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கண்டியிலிருந்து நூறு கி.மீ.யைக் கொஞ்சம் தாண்டும், மூன்று மணித்தியாலம். நுவரெலியாவிலிருந்து 170, 180 கி.மீ., ஐந்து மணித்தியாலத்துக்குக் குறையாது. பதுளையிலிருந்து எந்த வழியில் போனாலும் 230க்கு மேல். ஆறரை, ஏழு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

ஹட்டன் பக்கத்தவர்களுக்கு வழி கினிகத்தேனை, கித்துல்கலை, யட்டியாந்தோட்டை, அவிசாவளை. கித்துல்கலை தாண்டும்வரை வளைவு வளைவாகத்தான் இறக்கம். மணித்தியாலத்துக்கு முப்பது கி.மீ. போனாலே நல்ல ட்ரைவர். அவிசாவளைக்குப் பிறகு கொழும்புக்குள் போகவே தேவையில்லை. கடுவலையில் வெளிச்சுற்று அதிவேகப் பாதையில் ஏறினால் கெரவலப்பிட்டியில் கட்டுநாயக்கா அதிவேகப் பாதையைப் பிடித்துவிடலாம். சில பழைய ட்ரைவர்மார் இன்னமும் களனி, பேலியகொடை என்று உள்ளே விட்டு நெரிசலில் மாட்டிக்கொள்கிறார்கள். அதிவேகப் பாதைக் கட்டணம் யார் கொடுப்பது என்று வேன் பேசும்போதே பேசிவிடுங்கள். பாதி ட்ரைவர்மார் உள்ளே விடுவதற்குக் காரணம் அந்தக் காசுதான்.

பிற்பகல் மூன்று மணிக்கு விமானம். வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

பின்னாலிருந்து எண்ணுங்கள். பொகவந்தலாவையில் ஒரு மேல் டிவிஷனிலிருந்து கிளம்புகிறீர்கள் என்று வைப்போம். விமானம் மூன்று மணி. மூன்று மணித்தியாலம் முன்னால் எயார்போட்டில் நிற்க வேண்டும், அப்போது பன்னிரண்டு. ஹட்டனிலிருந்து ரோட்டுக்கு நாலரை மணித்தியாலம், ஏழரை. வழியில் தேத்தண்ணி, கழிவறை, வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு நிறுத்துவது எல்லாம் சேர்த்து அரை மணித்தியாலம், ஏழு. டிவிஷனிலிருந்து தோட்டத்து ரோட்டில் இறங்கி, நோர்வூட் வழியாக ஹட்டன் வர ஒரு மணித்தியாலம், ஆறு. இதற்கு மேல் ரோட்டுக்காக ஒரு மணித்தியாலத்தைச் சும்மா வையுங்கள். காலை ஐந்து மணி. பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க) ஆட்கள் கிளம்பும் முன்னால் நீங்கள் கிளம்பியிருக்க வேண்டும்.

அந்தச் சும்மா வைக்கிற ஒரு மணித்தியாலத்தை எல்லோரும் குறைக்கப் பார்ப்பார்கள். நாங்களும் ஒருமுறை குறைத்தோம். என் சித்தி திருச்சிக்குப் போன நாள். ட்ரைவர் தம்பி, "விடியக்காலை ரோடு காலியாகக் கிடக்கும், அரை மணி பிந்திப் போவோம்" என்றான், நாங்களும் சரி என்றோம். கினிகத்தேனைக்குக் கீழே ஒரு வளைவில் லொறி ஒன்று குறுக்கே சறுக்கி நின்றுவிட்டது. ஒன்றரை மணித்தியாலம். சித்தி வேனைவிட்டு இறங்கி ரோட்டோரத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்த டிக்கெட்டை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஓடிப் போனபோது கவுண்டர் மூடிப் பத்து நிமிடம். விமானம் கண்ணெதிரே நிற்கிறது, ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். கெஞ்சியும் பயனில்லை. புறப்பட ஒரு மணித்தியாலம் இருக்கும்போதே கவுண்டரை மூடுவது வழக்கம், மூடிவிட்டால் மூடியதுதான். டிக்கெட் காசு போனது, கல்யாணத்துக்கு முதல்நாள் நலங்கும் போனது.

மழைக்காலத்தில் அந்த ஒரு மணித்தியாலமும் போதாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது மலையகத்தின் ரோடும் ரயில் பாதையும் பல இடங்களில் மண்சரிந்து துண்டித்துப் போனது நினைவிருக்கும். வானிலை எச்சரிக்கை இருந்தால் முதல்நாளே இறங்கி நீர்கொழும்பிலோ கொழும்பிலோ தங்கிவிடுங்கள். தெரிந்தவர் வீட்டு வரவேற்பறைத் தரையில் பாய் போட்டுப் படுத்தாலும் பரவாயில்லை.

கோச்சியில் போகலாமா?

ஹட்டனிலிருந்து கொழும்பு கோட்டைக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல். பிறகு புறக்கோட்டையில் 187ஆம் இலக்க எயார்போட் பஸ் எடுக்கலாம். பதுளையிலிருந்து என்றால் ஒன்பது, பத்து மணித்தியாலம். ராகமையில் இறங்கிப் புத்தளம் பாதை ரயிலுக்கு மாறினாலும் கட்டுநாயக்கா போகலாம், ஆனால் பெட்டி படுக்கையோடு மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். பறக்கும் நாளிலேயே கோச்சியை நம்புவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. முதல்நாள் இறங்கித் தங்குவதற்கென்றால் அதைவிடச் சுகமான வழி இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் விமானம் இருக்கிறதே, அங்கிருந்து தூரம் குறைவுதானே?

வானத்தில் குறைவுதான். பலாலியிலிருந்து சென்னை 355 கி.மீ.; கட்டுநாயக்காவிலிருந்து போவதில் பாதியைவிடச் சற்றுக் கூட. 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச நிலையமானது. இடையில் நின்று போய், 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மறுபடி தொடங்கியது. 2025 மார்ச் கடைசியில் திருச்சிக்கும் விமானம் வந்தது.

ஆனால் பாதித் தூரம் என்றால் பாதி நேரம் என்று எண்ணாதீர்கள். பலாலிக்கு வருவது இரட்டை விசிறி வைத்த ஏ.டி.ஆர். ரக விமானம், மணித்தியாலத்துக்கு 500 கி.மீ. அளவில் போகும். கட்டுநாயக்காவிலிருந்து போகும் ஜெட் 800ஐத் தாண்டும். அதனால் இரண்டு டிக்கெட்டிலும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் ரோடு. ஹட்டனிலிருந்து கண்டி, அப்புறம் ஏ-9 பாதையில் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் மட்டும் 320 கி.மீ., அதற்கப்பால் பலாலி. ஒரு முழுப் பகலோ ஒரு முழு இரவோ போய்விடும். நல்லூருக்கும் போய்விட்டு அப்படியே இந்தியாவுக்குப் போகிறோம் என்கிறவர்களுக்கு மட்டும் அது நல்ல வழி.

பதுளை, பண்டாரவளைக்காரர்களுக்கு மத்தள பக்கமாமே?

பக்கம்தான். பண்டாரவளையிலிருந்து மத்தள நேர்கோட்டில் 60 கி.மீ.யை ஒட்டி வரும். எல்ல, வெல்லவாய, தணமல்வில வழியாக இறங்கினால் இரண்டு மணித்தியாலத்தில் போய்விடலாம். 2013 மார்ச்சில் திறந்த நல்ல பெரிய நிலையம். குறை ஒன்றுதான்: நமக்குத் தேவையான விமானம் அங்கே வருவதில்லை. கட்டுநாயக்காவில் இறங்க முடியாமல் போகிற விமானங்கள் சில நேரம் மத்தளயில் இறங்கும். உங்கள் ஆள் வரும் விமானம் அப்படி இறங்கினால், நேர்கோட்டில் 170 கி.மீ. என்று சொல்லும் இடம் ரோட்டில் 250 கி.மீ. அதிவேகப் பாதையிலேயே மூன்றரை மணித்தியாலம். அவர்களை எப்படி எங்கே கொண்டுவருவார்கள் என்று விமான நிறுவனத்திடம் கேட்டுவிட்டு வேனைத் திருப்புங்கள்.

மலையகத்திலேயே ஒரு எயார்போட் இருந்தால் என்ன?

இருந்தால் நல்லதுதான், என் கடைக்கும் நல்லது. ஆனால் கட்டுநாயக்கா ஓடுபாதை மட்டும் 3,350 மீற்றர் நீளம். அத்தனை நீளத்துக்குச் சமதரை நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கடல்விமானம் இறங்கியதுண்டு; கட்டுநாயக்காவிலிருந்து அரை மணித்தியாலம். அது உல்லாசப் பயணிகளுக்கு. நாம் கரையில் நின்று பார்த்தோம்.

மலைக்கும் விமானத்துக்கும் ஆகாது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு துக்கமான சாட்சி உண்டு. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளோடு வந்த மார்ட்டினெயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஏழு கன்னி மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. கட்டுநாயக்காவில் இறங்கத்தான் வந்தார்கள். விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்து, மலை தாண்டும் முன்பே தாழ இறங்கிவிட்டார்கள். இன்னும் எழுபது எண்பது கிலோமீற்றர் மீதி இருந்தது. தூரக் கணக்கு வெறும் பொது அறிவுக் கேள்வி இல்லை என்று எனக்கு உறைத்தது மஸ்கெலியாப் பக்கத்துப் பெரியவர்கள் வாயால் இந்தக் கதையைக் கேட்டபோதுதான்.

அம்மா முதல் தடவை பறக்கிறார். உயரம் ஒத்துக்கொள்ளுமா?

நுவரெலியாவில் இருக்கிறாரா? அப்படியென்றால் அம்மா பிறந்ததிலிருந்தே அந்த உயரத்தில்தான் இருக்கிறார். விமானம் பத்துக் கிலோமீற்றர் மேலே போனாலும் உள்ளே காற்றழுத்தத்தை ஏற்றி வைத்திருப்பார்கள்; 2,400 மீற்றர் உயரத்தில் இருப்பதைவிட அது மோசமாகாது. நுவரெலியா 1,868 மீற்றர். பேதுருதாலகால உச்சி 2,524. காது அடைப்பதும் புதிதல்ல, கித்துல்கலை இறக்கத்தில் அடைக்கிற அதே அடைப்புதான். எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள், ஒரு புளிப்பு மிட்டாய் கொடுங்கள். இருதய நோய், மூச்சுத் திணறல் உள்ளவர் என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டே டிக்கெட் போடுங்கள்.

இந்தியாவில் மணிக்கூட்டை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். 2006 ஏப்ரல் முதல் இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். அதற்கு முன் பத்து வருடம் நாம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தோம். அந்தக் காலத்தில் போய்வந்தவர்கள்தான் இன்னும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்.

குவைத்திலிருந்து அம்மா வருகிறார். டிக்கெட்டில் இரவு எட்டு மணிக்குப் புறப்பட்டு அதிகாலை மூன்றரைக்கு வந்து சேரும் என்று இருக்கிறது. ஏழரை மணித்தியாலமா பறக்கும்?

இல்லை, ஐந்து. புறப்படும் நேரம் குவைத் நேரம், வந்து சேரும் நேரம் நம் நேரம். குவைத், கட்டார், சவூதி மூன்றும் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால், டுபாய் ஒன்றரை. அதைக் கழித்தால் பறக்கும் நேரம் வந்துவிடும். தூரம், குவைத் 4,140 கி.மீ., டுபாய் 3,290 கி.மீ. போகும்போது வரும்போதைவிடக் கொஞ்ச நேரம் கூட எடுக்கும். உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிப்பதால் வரும்போது தள்ளிவிடும், போகும்போது எதிர்க்கும்.

மூன்றரைக்கு விமானம் இறங்கினால் அம்மா வெளியே வர நாலரை ஆகும். பாஸ்போட் வரிசை, பெட்டி, அப்புறம் தீர்வையற்ற கடையில் வாஷிங் மெஷின் பார்க்கிற நேரம்.

டிக்கெட்டில் 14ஆம் திகதி 00:40 என்று இருக்கிறது. 14ஆம் திகதி இரவு வந்தால் போதும்தானே?

போதாது! பதின்மூன்றாம் திகதி இரவு வர வேண்டும். நள்ளிரவு பன்னிரண்டு தாண்டியதும் திகதி மாறிவிடுகிறது. மஸ்கெலியாவிலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து, மாலையோடும் பிள்ளைகளோடும் சரியாக ஒரு நாள் பிந்திப் போய் நின்றது. வெளிநாட்டிலிருந்து வந்த அக்கா, தானே பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, பூட்டிய லயத்து வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து நான் டிக்கெட் அச்சடித்துக் கொடுக்கும்போது 00 என்று தொடங்குகிற நேரத்தைக் கண்டால் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, "முதல்நாள் இராத்திரி" என்று எழுதிவிடுகிறேன்.

டிக்கெட்டில் 'கொழும்பு' என்று இருக்கிறதே, அது இரத்மலானையா?

உங்கள் டிக்கெட்டில் கொழும்பு என்றால் கட்டுநாயக்காதான். குறியீடு சி.எம்.பி. இரத்மலானை கொழும்புக்குத் தெற்கே இருக்கிற பழைய நிலையம்; அதன் குறியீடு ஆர்.எம்.எல். இரண்டுக்கும் இடையில் நேர்கோட்டில் 40 கி.மீ.

எந்தப் பக்க ஜன்னல் கேட்கலாம்?

இந்தியாவுக்குப் போகும்போது வலது பக்கம், திரும்பும்போது இடது பக்கம். நம் மலைகள் கிழக்கில் இருக்கின்றன. மாசி, பங்குனியில் காலை விமானம் என்றால், ஏறித் திரும்பும்போது சிவனொளிபாத மலை கூம்பு மாதிரித் தனியாகத் தெரியும். கட்டுநாயக்காவிலிருந்து 80 கி.மீ.தான். ஆடி மாதத்தில் ஜன்னல் சீட்டுக்குத் தனிக்காசு கேட்டால் கொடுக்காதீர்கள், வெறும் மேகம்தான்.